அப்பன் பேரோடு நின்றுவிட்டது

ஹில்டாவுக்கு இனிஷியல் என்றாலே ஆகாது. எல். வேலாயுதம் என்றால் எந்த எல், எந்த வேலாயுதம்? மைசூரில் கம்ப்யூட்டர் படித்து, சின்னக் கம்பெனி ஒன்றில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தவள், ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையின் மருந்தகத்துக்கு வேலை செய்து கொடுத்தபோதும் அதில் பிடிவாதமாக நின்றாள். ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு ஃபைல். ஃபைலின் பெயர் ஊர், அப்பன் பேர், சொந்தப் பேர், மூன்றும் முழுசாக. "ஆள் மாறிப் போச்சுன்னு யாரும் என்கிட்ட வரக்கூடாது" என்று ஜம்பமாகச் சொல்லிவிட்டும் வந்தாள். நல்ல மனசுதான், யார் இல்லை என்றது?

தொண்ணூற்று நாலாம் வருஷம், ஒரு மதியம், பிரிண்டரைப் பார்க்க அவள் அங்கே போயிருந்தாள். தகடு கிழித்த கையோடு வேலாயுதத்தைக் கூட்டி வந்தார்கள். ஹனூர் லிங்கப்பனின் மூத்த மகன். தம்பி சுப்பையாவுக்கும் அங்கேயேதான் வேலை. நர்ஸ் மல்லம்மா அவன் முழுப் பெயரையும் தட்டினாள். திரையில் விவரம் வந்தது.

"இல்லி நோடு, இங்க பாரு, பென்சிலின் முன்னாடியே போட்டு ஒத்துக்கிச்சுன்னு இருக்கு. டெஸ்ட் ஊசி பேடா, வேண்டாம்" என்று ஊசியை எடுத்தாள்.

ஹில்டாவுக்குப் பெருமை தாங்கவில்லை. வேலாயுதமோ வலியில் கண்ணை மூடியிருந்தான். எந்த மருந்து ஒத்துக்கும், எது ஒத்துக்காது என்று ஏற்கெனவே எழுதிக் கொடுத்தாயிற்றே, மறுபடி என்ன சொல்வது என்று இருந்திருப்பான்.

ஊசி போட்ட சற்று நேரத்தில் அவன் உதடு வீங்கியது. மூச்சு விசில் அடித்தது. ஆள் அப்படியே சரிந்துவிட்டான். டாக்டர் ஓடி வந்து மாற்று ஊசியைக் குத்தினார், ஜீப்பில் தூக்கிப் போட்டார்கள். விஷயம் கேட்டு ஓடி வந்த சுப்பையா வாசலிலேயே தலையில் அடித்துக்கொண்டான்.

"ஐயோ, எங்கண்ணனுக்கு அந்த ஊசி ஆவாதுங்களே! எனக்குத்தானுங்க ஒத்துக்கும். ரெண்டு பேரும் தனித்தனியா எழுதிக் குடுத்தமே!"

ஜீப் அவனையும் ஏற்றிக்கொண்டு போனது. ஹில்டா திரைக்கு முன் உட்கார்ந்தாள். வேலாயுதத்தின் பெயரைத் தட்டினாள். பிறகு சுப்பையாவின் பெயரை. திரையின் மேலே, தட்டிய பெயர் தட்டியபடியே வந்தது. கீழே இருந்ததோ ஒரே விவரம், எழுத்துக்கு எழுத்து சுப்பையாவுடையது.

ஃபைல்களின் பட்டியலைத் திறந்தாள். இந்த இயந்திரத்தில் அதை அவள் ஒருநாளும் திறந்ததில்லை. திறந்தவள் "ஏசப்பா!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். ஆங்கில எழுத்தில் 'ஹனூர் லிங்கப்ப' என்று இருந்தது, அவ்வளவுதான். கடைசி 'ன்' கூட இல்லை. பிள்ளைகளின் பேர் எங்கே? முதலில் அண்ணன் ஃபைல், அதை அழித்து அதன் தலைமேலேயே தம்பி ஃபைல். மேலே இன்னொரு ஊர், இன்னொரு அப்பன், அங்கேயும் ஒரே ஒரு ஃபைல். அந்த வீட்டில் எத்தனை பேர் இங்கே வேலை செய்கிறார்களோ!

அவள் ஆபீஸ் இயந்திரம் எவ்வளவு நீளப் பெயரையும் வாங்கிக்கொள்ளும். இந்தக் கிழட்டு இயந்திரமும் வாங்கிக்கொண்டது. மிச்சத்தை வெட்டி எறிந்துவிட்டு, ஒரு பிழை காட்டாமல், ஒரு முணுமுணுப்புக்கூட இல்லாமல். பெயரின் நீளத்துக்கு இயந்திரத்துக்கு இயந்திரம் அளவு மாறும், எழுதும் முன் அந்த இயந்திரத்தையே கேட்டுக்கொள் என்று கையேட்டில் போட்டிருந்தது. கேட்பதற்கு ஒரே ஒரு வரி. படித்தவள்தான். தன் மேஜையில் நடப்பது எங்கேயும் நடக்கும் என்று இருந்துவிட்டாள். என்ன திமிர்!

இப்போது அந்த வரியை எழுதி ஓடவிட்டாள். இமைக்கும் முன் பதில் வந்தது: 14.

சாயங்காலம் சுப்பையா திரும்பி வந்தான்.

"கண்ணு முழிச்சுட்டானுங்க. உசுருக்கு ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க."

ஹில்டா விசும்பி அழுதுவிட்டாள். அவன் அவளையும் திரையில் நின்ற எண்ணையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அது என்னங்க அம்மிணி?"

"பேரு எவ்வளவு நீளம் இருக்கலாம்னு மெஷினைக் கேட்டேன். பதினாலு எழுத்துன்னு சொல்லிடுச்சு."

சுப்பையா திரும்ப அந்த எண்ணைப் பார்த்தான்.

"இதை இப்பத்தான் கேக்கறீங்களா?" என்றான்.