ஒருவர் வீட்டுக்கும் போகாமல் லுசேர்ன்

அம்மா வேலை செய்யும் ஹோட்டலில் தங்கியிருந்த வயதான தம்பதி ஒன்று, கட்டில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டிருக்கிறது: நாளைக்கு லுசேர்னுக்குப் போகிறோம், அங்கே கட்டாயம் பார்க்க வேண்டியது என்ன? அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, நகரத்துக்கு வெளியே ஒரு பெரிய மண்டபம் இருக்கிறது, கார் விடவும் நல்ல வசதி என்று சொல்லியிருக்கிறார்.

இதைப் பின்னேரத் தேத்தண்ணியோடு அம்மா சொன்னபோது அப்பாவுக்குப் புரையேறிவிட்டது. அம்மாவும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன், ஆனால் சிரித்து முடித்த பிறகும் அது எனக்குள் குத்திக்கொண்டே இருந்தது. லுசேர்னுக்கு எதற்கெதற்குப் போயிருக்கிறீர்கள் என்று கேட்டேன். பெரியம்மாவின் மூத்தவள் பெரியபிள்ளையானபோது சாமத்தியவீட்டுக்கு. பிறகு அவளுடைய கலியாணத்துக்கு. யாரோ ஒருவரின் செத்தவீட்டுக்கு. எல்லாம் மண்டபம், இல்லையென்றால் வீடு. உலகம் முழுவதும் காசு சேர்த்து வந்து படம் எடுத்துவிட்டுப் போகிற அந்த மரப்பாலத்தில், இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருசமாகியும் அம்மாவின் கால் பட்டதில்லை.

அன்றைக்கே முடிவு கட்டினேன். அம்மாவை லுசேர்னுக்குக் கூட்டிப் போவது. பாலத்தில் நடக்க வைப்பது. வாவியில் கப்பல் ஏற்றுவது. ஒருவர் வீட்டுக்கும் போகாமல் திரும்பி வருவது. இந்தக் கடைசி நிபந்தனைதான் மலை.

அப்பாவுக்கு இத்தாலிச் சாப்பாட்டுக்கடை ஒன்றின் குசினியில் சமையல் வேலை. எதையும் லேசில் ஒப்புக்கொள்ள மாட்டார். "எங்கட துன்னிலயும் வாவி கிடக்குதுதானே. அங்கத்தைத் தண்ணி என்ன இனிக்குமோ?" என்றார்.

எங்கள் வாவியும் அழகுதான். ஆனால் எங்கள் வாவியை அம்மா பார்ப்பது, வேலைக்குப் பிந்திவிட்டோமோ என்று பஸ் யன்னலால் பார்க்கும் பார்வை. அது கணக்கில் வராது.

இதற்கு முன்னும் முயன்றிருக்கிறேன். ஜெனீவாவின் பெரிய நீரூற்றைக் காட்டுவதென்று போன வருசம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அப்பாவின் மச்சான் ஒருவர் மோப்பம் பிடித்து ரயில் ஸ்ரேசனிலேயே மறித்துவிட்டார். சோறு, தேத்தண்ணி, கலியாண வீடியோ, மறுபடியும் தேத்தண்ணி. நீரூற்றைத் திரும்பும் வழியில் அவருடைய கார் யன்னலால், இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் ஒரு வெள்ளைக் கோடாகப் பார்த்தேன். அம்மா அதைக்கூடப் பார்க்கவில்லை. மச்சாள் தந்துவிட்ட மிளகாய்த்தூள் பையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்.

காசு என்று பார்த்தால் உறவினர் வீடுதான் மலிவு என்று சொல்வார்கள். நம்பாதீர்கள். வெறுங்கையோடு போக ஏலாது. பழம் வாங்க வேண்டும், பிள்ளைகளுக்குச் சொக்லேட் வாங்க வேண்டும். நானோ படித்துக்கொண்டு, சனிக்கிழமைகளில் பேக்கரியில் நிற்கிறவள். அந்தக் காசுக்குள் இரண்டு பேர் ஒரு நாள் சுற்றுலாப் பயணிகளாக இருக்க வேண்டும். அதனால் நகரசபை விற்கும் நாள் ரிக்கற்றை வெகு முன்னதாகவே எடுத்து வைத்தேன். ரயில், பஸ், வாவிக் கப்பல் எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும். முன்கூட்டி எடுத்தால் மலிவு, ஆனால் திகதி மாற்ற ஏலாது. அம்மாவுக்கு அடுத்த கிழமையிலிருந்து ஹோட்டலில் கோடைக்கால நெரிசல் தொடங்கிவிடும், பிறகு லீவு கேட்க முடியாது. அந்த ஒரு நாள் போனால் போனதுதான்.

சுத்துப் பாதையும் நேர்ப்பாதையும் அந்த ரிக்கற்றுக்கு ஒன்று என்பதால் மலைப்பாதை ரயிலைத் தெரிந்தெடுத்தேன். முதலில் எங்கள் வாவிக்கரை, பிறகு மலைக்கணவாய் ஏறி இறங்கிப் பச்சை நிறத்தில் இன்னும் ஒரு வாவி. உருளைக்கிழங்குப் பிரட்டல் வைத்துச் சுருட்டிய ரொட்டி, போத்தலில் தேத்தண்ணி. குடிக்கிற தண்ணீருக்கு ஊரெல்லாம் தெருக்குழாய் ஊற்று இருக்கிறது. ரயிலை விட்டு இறங்க முன்னமே கழிவறைக்குப் போய்விட வேண்டும், ஸ்ரேசனில் அதற்கும் காசு. எல்லாவற்றையும் யோசித்துவிட்டேன் என்று பெருமையோடு ரொட்டியை எடுக்கப் பையைத் திறந்தால், அடியில் ஒரு டப்பா. திறந்தேன். பயத்தம் உருண்டை. பெரியம்மாவுக்குப் பிடித்த மாதிரிச் சர்க்கரை தூக்கலாக, வாசம் ரயில் பெட்டியைப் பிடித்தது.

"அம்மா, இது என்ன?"

"சும்மா. ஆரும் வழியில கண்டால்..."

கண்டால் கொடுக்கவென்று ஒரு டப்பா நிறைய. அம்மா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெரியம்மா அம்மாவின் ஒன்றுவிட்ட அக்கா. லுசேர்னில் இருக்கிறார். அம்மா இந்த நாட்டில் முதலில் சாப்பிட்ட சோறு பெரியம்மா போட்டது. முதலில் போட்ட குளிருடுப்பும் பெரியம்மாவுடையது. லுசேர்னுக்கு மாற முன்னம், ஒற்றை அறையில் தன் குடும்பத்தையும் வைத்துக்கொண்டு அம்மாவையும் மாசக்கணக்கில் படுக்க வைத்தவர். அந்த நாட்களில் வந்தவர்களுக்கு ஒரு நகரம் என்றால் அங்கே தெரிந்த ஒருவரின் வீடு. அந்த வீடுதான் ஹோட்டல், சாப்பாட்டுக்கடை, கடிதம் வாசித்துச் சொல்கிற கந்தோர். அந்த வாசலைத் தாண்டிச் சும்மா போவது பாவம் மாதிரி. இது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துகொண்டுதான் பிடிவாதமாக இருந்தேன். அந்த நாளில் எப்படியும் ஒரு தரம் அம்மாவைக் கப்பலில் இருத்தி விட வேண்டும்.

லுசேர்ன் ஸ்ரேசனை விட்டு வெளியே வந்தவுடனேயே வாவி முகத்தில் அடித்தது. அம்மா நின்றுவிட்டார். "இது இவ்வளவு கிட்டவோ?" என்றார். இத்தனை தரமும் ஸ்ரேசனில் இறங்கியதும் பெரியப்பா காரில் ஏற்றிக்கொண்டு மறுபக்கத்தால் போய்விடுவாராம்.

மரப்பாலத்தில் அம்மா மெதுவாக நடந்தார். கூரையின் கீழே தொங்கிய பழைய ஓவியங்களைக் கழுத்து நோக அண்ணாந்து பார்த்தார். நிறையத் தூசி என்று ஒரு சொல், அது வேலைப் பழக்கம். பிறகு பாலத்துக் கைபிடியில் சாய்ந்து, பூச்சட்டிகளுக்கு மேலால் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா ஒன்றையும் துடைக்காமல், அடுக்காமல், ஒருவருக்கும் பரிமாறாமல் சும்மா நிற்பதை நான் அன்றைக்குத்தான் கண்டேன். சட்டென்று ஒரு படம் எடுத்தேன். அவ்வளவு நல்ல படம். அப்பாவுக்கு அனுப்பினேன்.

அங்கேதான் பிழை நடந்தது. குசினியில் ஓய்வு நேரமாக இருந்த அப்பா, துன் வாவியின் தண்ணீரை எல்லாம் மறந்து பூரித்துப்போய், படத்தைச் சொந்தக்காரர் குழுவில் போட்டுவிட்டார். கீழே ஒரு வரி வேறு: லுசேர்னில் என்ட மனிசி.

நாங்கள் பாலத்தைத் தாண்டவில்லை, அம்மாவின் போன் அடித்தது. பெரியம்மாவின் குரல் பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது.

"பாலத்தைப் பாக்க வந்தனியோ? எங்களைப் பாக்க வரேல்லையோ?"

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெரியம்மா விடவில்லை. சோறு போட்டாயிற்று, கணவாய் மீன் கறி அடுப்பில், பெரியப்பா கார்த் திறப்பை எடுத்துவிட்டார், ஸ்ரேசன் வாசலில் வந்து நில்லுங்கள். போன் வைக்கப்பட்டது. அம்மாவின் கால்கள் தாமாகவே ஸ்ரேசன் பக்கம் திரும்பின. கேள்வியும் இல்லை, யோசனையும் இல்லை.

நான் பின்னால் ஓடினேன். கப்பல் இன்னும் கொஞ்ச நேரத்தில் வெளிக்கிடும், அடுத்ததில் போனால் ஊருக்குத் திரும்ப நேரமிருக்காது, ரிக்கற் இன்றைக்கு மட்டும்தான் என்று எல்லாம் சொன்னேன். அம்மா, அக்கா சோறு போட்டுட்டா பிள்ளை என்றார். அதற்கு மேல் ஒரு நீதிமன்றம் இல்லை என்கிற மாதிரி.

ஸ்ரேசன் ஒரு பக்கம், கப்பல்துறை மறுபக்கம். நடுவில் நின்று நான் வழியை மறித்தேன்.

"அம்மா, ஜெனீவாவில என்ன பாத்தனீங்கள்?"

அம்மா யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "அவையின்ட புதுச் சோபா செற்றி," என்றார்.

"சூரிச்சில?"

"அதுவும் ஒரு செற்றிதான்."

சொல்லும்போதே அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும். போகிறவர்கள் பார்க்கப் பார்க்க, பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் நின்று சிரித்தோம். கப்பல்துறைப் பக்கம் நீளமாக ஒரு சங்கு ஊதியது. அம்மாவின் சிரிப்பு நின்றது. அங்கே வெள்ளைக் கப்பலுக்குள் ஆட்கள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தார்கள். ஹோட்டலில் அம்மா தினமும் காண்கிற மாதிரியான ஆட்கள், தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும். அம்மா அவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போனை எடுத்துத் தானே பெரியம்மாவுக்கு அடித்தார்.

"அக்கா, நான் இண்டைக்கு ஒருத்தற்ற வீட்டயும் வரேல்லை. ஊர் பாக்க வந்தனான்."

பெரியம்மா, சரி, அப்ப கப்பலைத் தின்னு என்று ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அம்மா போனை நிறுத்திப் பைக்குள் போட்டார். டப்பாவுக்குப் பக்கத்தில்.

ஓடித்தான் ஏறினோம். மேல்தட்டு முதலாம் வகுப்புக்காரருக்கு. எங்களுக்குக் கீழே, முன்பக்கம், காற்று நேராக வந்து அறைகிற வாங்கில் இருக்க இடம். கப்பல் கரையை விட்டபோது அம்மா கம்பியை இறுக்கிப் பிடித்தார். நகரம் பின்னால் போகப் போக, தேவாலயத்தின் இரட்டைக் கோபுரங்கள் ஊசிமுனை மாதிரிச் சிறுத்தன. மலைகள் ஒன்றின் பின்னால் ஒன்றாகத் திறந்துகொண்டு வந்தன. அம்மா ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்க மறந்துபோய் இருந்தார்.

பாதி வழியில், தன்பாட்டில், "அக்கா கோவிச்சிருப்பா," என்றார். நான் ஓம் என்றேன். கோபித்திருப்பார்தான். கொஞ்ச நேரம் கழித்து, "கோவிக்கட்டும். பிறகு வந்து ஆத்தலாம்," என்று தனக்கே சொல்லிக்கொண்டு ரொட்டியைக் கடித்தார். சுற்றி முடியும்வரை அந்த இடத்தை விட்டு எழும்பவில்லை. தலைமுடி முழுக்கக் கலைந்து கிடந்தது. கொண்டையைத் திருப்பிக் கட்டக்கூட இல்லை.

கப்பல் திரும்பிக் கரையைத் தொடும்போது துறையில் ஒரு உருவத்தை நான்தான் முதலில் கண்டேன். நாவல் நிறக் குளிருடுப்பு, இரண்டு கையிலும் கடைப் பைகள். பெரியம்மா. கூட்டம் இறங்கும் வழியின் நடுவில், விலத்தாமல் நின்றார்.

அம்மா அவருக்கு முன்னால் போய் நின்றார். பெரியம்மா அம்மாவின் கலைந்த தலையைப் பார்த்தார், என்னை ஒரு முறை முறைத்தார், பைகளை நீட்டினார்.

"நீ வரமாட்டாய். சோறு வரலாம்தானே."

சூடான டப்பாக்கள். கணவாய்க் கறியின் வாசம். அம்மா பைகளை என்னிடம் தந்துவிட்டு, தன் பைக்குள் கையை விட்டுப் பயத்தம் உருண்டை டப்பாவை எடுத்துக் கொடுத்தார். பெரியம்மா மூடியைத் திறந்து மணந்தார். ஓர் உருண்டையை எடுத்து அங்கேயே, துறையில் நின்றபடியே, வாயில் போட்டார். மென்றுகொண்டே கப்பலைப் பார்த்தார். இந்த நகரத்திலேயே இத்தனை வருசம் இருந்தும் அதில் ஏறாதவர்.

"எப்பிடி இருந்தது?" என்று கேட்டார், கப்பலிடம் கேட்கிற மாதிரி.

அம்மா கொண்டையைக் கழற்றித் திருப்பிக் கட்டினார். பிறகு பெரியம்மாவின் கையைப் பிடித்தார்.

"அக்கா, அடுத்த மாசம் நீங்கள் துன்னுக்கு வாங்கோ. வீட்ட வராதேங்கோ. கப்பலடிக்கு வாங்கோ, நான் அங்க நிக்கிறன்."

பெரியம்மா சிரிக்கவில்லை. வாறன் என்றும் சொல்லவில்லை. நீங்கள் வந்தது என்ன ரிக்கற், அதை எங்கே எடுக்கிறது என்று என்னிடம் கேட்டார்.