வெயிலில் வைத்த தண்ணீர்

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த வருடம். ஊர் ஊராக வேலை தேடி அலைந்து, மலாக்காவில் காஜா பெராங் பகுதியில் ஒரு வாடகை அறையில் ஒண்டியிருந்தோம். மகள் செல்லத்துக்கு அம்மை போட்டது. காய்ச்சல் இறங்கவே இல்லை. தமிழ் வம்சமானாலும் மலாய் மட்டுமே பேசத் தெரிந்த பக்கத்து வீட்டு மலாக்கா செட்டி அக்கா, வேலிக்கு மேலே வேப்பிலையை நீட்டினாள். என் மனைவி அதைக் குடத்துத் தண்ணீரில் போட்டு வெயிலில் வைத்தாள். அம்மை இறங்கிய பிறகு தலைக்கு ஊற்றும் தண்ணீர் அது.

“இன்னும் இறங்கலையே, அதுக்குள்ள ஏன்?” என்றேன்.

“மாரியாத்தா இறக்கிடுவா. நீங்க சும்மா இருங்க லா.”

நானும் நம்பினேன். பாதிப் படிப்போடு ஓடிவந்தவனுக்குத் தெரிந்த ஒரே பிரார்த்தனை “தாயே” என்பதுதான். அதையே சொல்லிக்கொண்டு, நிழல் விழ விழக் குடத்தை நகர்த்தி வைத்தேன்.

மாலைக்குள் செல்லம் போய்விட்டாள்.

அந்தத் தண்ணீரில்தான் அவளைக் கடைசியாகக் குளிப்பாட்டினோம். இளஞ்சூடாக இருந்தது. அப்போதும் வாயில் “தாயே” என்றுதான் வந்தது. கோபித்துக்கொள்ளவும் எனக்கு வேறு ஆள் இல்லை.