டாக்ஸ் சார் எங்கள் வீட்டை அளந்த நாள்

அளவு நாடாவின் ஒரு நுனியை அம்மா அடுக்களைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். மறு நுனி வாசலுக்கு வெளியே டாக்ஸ் சாரின் கையில். கிழக்கேகோட்டை அக்ரஹாரத் தெருக்களில் அவர் வீடுகளை அளந்தது இப்படித்தான். கட்டிட வரி போட வரும் மாநகராட்சிக்காரர் எந்த அறைக்குள்ளும் நுழையலாம். ஆனால் இவர் அடுக்களைக்குள்ளும் பூஜை அறைக்குள்ளும் போகமாட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு, நாடாவின் நுனியை வீட்டுப் பெண்களிடம் கொடுத்து, "சுவரோட சேர்த்துப் பிடிச்சாப் போதும், கேட்டோ" என்பார். பிடித்தவர்கள் யாரும் ஓர் அங்குலம்கூட ஏமாற்றியதில்லை என்று எங்கள் தெருவுக்கு நற்சான்று கொடுக்க எனக்கும் ஆசைதான். மனசாட்சி இடம் கொடுக்கவில்லை.

அவர் வித்துரா பக்கத்து மலையாளி. எங்கள் தெருக்களில் நடந்து நடந்தே தமிழ் கற்றுக்கொண்டவர். ஒல்லியான ஆள், கக்கத்தில் எப்போதும் ஒரு குடை. அவர் வருகிறார் என்ற செய்தி அவருக்கு முன்னால் தெருவில் ஓடிவிடும். உடனே வீடுகள் சுருங்கத் தொடங்கும். நேற்றுவரை படுக்கையறையாக இருந்தது விறகு போடும் இடமாகிவிடும். பெண் பார்க்க வருகிறவர்களிடம் "முன் தெருவிலேர்ந்து பின் சந்து வரைக்கும் நம்மாத்துதான்" என்று மார்தட்டும் என் பெரியப்பாவே, டாக்ஸ் சார் வந்தால் மட்டும் ஏதோ ஒண்டுக்குடித்தனக்காரர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்.

அந்த நீளமான வீட்டின் பின்பகுதியில்தான் அம்மாவும் நானும் இருந்தோம். ஓர் அறை, ஓர் அடுக்களை, பின் சந்தில் திறக்கும் ஒரு கதவு. அப்பா போன பிறகு எங்களுக்கு மிஞ்சியது அவ்வளவுதான். பாகப்பிரிவினை நடக்கவில்லை. ரேஷன் கார்டு பெரியப்பா பெயரில், கரண்ட் பெரியப்பா பெயரில். மெயின் சுவிட்சும் முன்கட்டில்தான் இருந்தது. பெரியம்மாவுக்குக் கோபம் வந்தால் எங்கள் மின்விசிறி நின்றுவிடும். கோபம் தணிந்தால் சுற்றும். அந்தச் சமயத்தில்தான், கோயிலுக்கு வருகிறவர்களுக்கு வாடகை அறைகள் நடத்தும் ஒருவருக்கு வீடு முழுவதையும் குத்தகைக்கு விடப் பெரியப்பா பேச்சு நடத்திக்கொண்டிருந்தார். அம்மா எங்கே போவாள் என்று கேட்டதற்கு, "பொண்ணுதான் வேலைக்குப் போறாளே" என்றார். நகரத்தின் விளிம்பில் இருக்கும் கழக்கூட்டத்தில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். என் சம்பளத்துக்கு அங்கே ஒரு ஹாஸ்டல் கட்டில் கிடைக்கும். அதில் அம்மாவை எங்கே வைப்பது? அவள் அங்கேதான் குடியிருக்கிறாள் என்று சொல்ல எங்களிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அழுதுகொண்டேதான் பஸ் ஏறுவேன்.

டாக்ஸ் சார் வந்த அன்று நான் லீவில் இருந்தேன். முன்கட்டை அளந்து முடித்தவர், நடையின் கோடியில் இருந்த கதவைக் காட்டி, "பின்னாடி உள்ளதும் இந்த வீட்டில பெட்டது, சேர்ந்ததுதானே சார்?" என்றார். அதையும் சேர்த்தால் வரி கூடும். பெரியப்பாவின் மூளை அந்த ஒரு கணக்கோடு நின்றுவிட்டது.

"சே, சே! அது வேற, இது வேற. அவா தனியாப் பொங்கிச் சாப்பிடறா. தனி வாசல்."

"அப்போ இந்த வீட்டில சேர்க்க வேண்டாமா?"

"நமக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாதுன்னு எழுதிக்கோங்கோ."

"எழுதட்டே?" என்று மறுபடியும் கேட்டார் டாக்ஸ் சார். எழுதச் சொல்லிக் கையெழுத்தும் போட்டுக்கொடுத்தார் பெரியப்பா. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கூடப்பிறந்த தம்பியின் குடும்பத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் இப்படிக் கைகழுவுகிறாரே என்று தோன்றியதே தவிர, என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று புரியவில்லை.

டாக்ஸ் சார் அத்துடன் போயிருக்கலாம். நல்ல வெயில். ஆனால் குடையை விரித்துக்கொண்டு தெருவைச் சுற்றி, பின் சந்துக்கு வந்து எங்கள் கதவைத் தட்டினார். அம்மாவிடம் நாடாவைக் கொடுத்து அளந்தார். "தனி அடுக்களை, தனி வாசல். அப்போ தனி நம்பர் உண்டு" என்றார். யார் பெயர் எழுதுவது என்று கேட்டபோது அம்மா என்னைப் பார்த்தாள். புருஷன் பெயரைச் சொல்லிப் பழக்கமில்லாதவள். நான் அப்பாவின் பெயரைச் சொன்னேன்.

"அவரு இல்லைன்னு தெரியும் மோளே. இப்போ இங்கே தாமசிக்கிறது, குடியிருக்கிறது யாரு?"

அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு தன் பெயரைச் சொன்னாள். அவள் வாயால் அந்தப் பெயரை நான் கேட்டது அன்றுதான்.

கதவெண் வந்தது. அது சொத்துரிமைக்கு அத்தாட்சி இல்லை, குடியிருப்பதற்கு மட்டும்தான். எங்களுக்கு அதுவே போதுமாக இருந்தது. அதைக் காட்டித் தனிக் கரண்ட் வாங்கினோம், ரேஷன் கார்டு வாங்கினோம். தனி எண்ணும் குடியிருக்கும் ஆளும் உள்ள இடம் வேண்டாம் என்று குத்தகைக்காரர் முன்கட்டை மட்டும் எடுத்துக்கொண்டார். பெரியப்பா மாநகராட்சி அலுவலகத்துக்கே போய்க் குதித்திருக்கிறார். "சார் சொன்னதைத்தானே எழுதினேன்" என்றாராம் டாக்ஸ் சார். எங்களுக்காக வேண்டுமென்றே செய்தாரா என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். இல்லையென்றுதான் நினைக்கிறேன். அவரிடம் சூழ்ச்சியும் இல்லை, தயவு காட்டுகிற தோரணையும் இல்லை. ஆள் இருக்கும் கதவைத் தட்டாமல் போக அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஓய்வு பெற்று ஊருக்குப் போனவரை அப்புறம் நான் பார்க்கவில்லை. நன்றி சொல்லவில்லையே என்ற குறை எனக்கு உண்டு.

இப்போது கழக்கூட்டத்தில் எனக்குச் சொந்த ஃபிளாட் இருக்கிறது. அதன் பரப்பளவை நானே கணினியில் பதிந்து வரி கட்டுகிறேன். யாரும் குடையோடு வருவதில்லை. அம்மாவுக்கென்று ஓர் அறை, லிஃப்ட், ஜன்னலில் நல்ல காற்று. போன மாதமும் அந்தச் சந்து வீட்டிலிருந்து கெஞ்சிக் கூட்டி வந்தேன். வந்தவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள், என் சமையலில் குற்றம் கண்டுபிடித்தாள், பேரனோடு சீட்டாடினாள். மறுநாள் சாயங்காலம் பார்த்தால் பையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"இன்னும் ரெண்டு நாள் இரேன்மா. அங்கே என்ன முழுகிப்போறது?"

"நன்னாருக்கே! ஆத்தைப் பூட்டிண்டு வந்திருக்கேண்டி" என்றாள் அம்மா.