ஊமைப் படத்துக்குப் பெயர் சொன்னவள்

பஞ்சாலைக்கு எழுபது வயது. இத்தனை வருடத்தில் அவள் தன் கணவர் பெயரை வாய் திறந்து சொன்னதே இல்லை. கிளினிக் கவுண்டரில் கேட்டால் அவருடைய அடையாள அட்டையான ஐசியை எடுத்து நீட்டுவாள். ஐசி கையில் இல்லாவிட்டால் மகள் ரோகினியைத் திரும்பிப் பார்ப்பாள். ரோகினி சலித்துக்கொண்டே சொல்வாள். தோட்டத்தில் அவள் வயதுப் பெண்கள் எல்லாருமே அப்படி இருந்தவர்கள்தான். டவுனுக்குப் போனதும் பலர் அந்த வழக்கத்தை விட்டுவிட்டார்கள், இவள் விடவில்லை. "ரோகினி அப்பா" என்பாள், "எங்க வூட்டுக்காரரு" என்பாள். அவளே சொல்லாத பெயரை இங்கே முந்திக்கொண்டு சொல்வது மரியாதை இல்லை. நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

மற்றவர்கள் பெயர் என்றால் கேட்கவே வேண்டாம். அவள் பிறந்தது, பதினான்கு வயதில் ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டப் போனது, இருபதில் கல்யாணம் ஆனது எல்லாமே லாபு என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரே ரப்பர் தோட்டத்தில். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் எண்பத்திரண்டு வீடுகள். எந்த வீட்டில் யார் இருந்தார்கள், யார் வீட்டு ஆடு யார் வீட்டுக் கீரையைத் தின்றது, எந்தப் பிள்ளைக்கு எந்த வருடம் அம்மை போட்டது, எல்லாம் அவளுக்கு மனப்பாடம். தோட்டம் கைமாறி, லயத்தை இடித்து, செம்பனை நட்டு, மீதி இடத்தில் தாமான் என்று வரிசை வீடுகளும் கட்டிவிட்டார்கள். அந்தத் தாமானிலேயே ஒரு வீட்டில் இப்போது அவளும் கணவரும் மகளோடு இருக்கிறார்கள்.

அவளுடைய ஞாபகசக்தியைக் கேள்விப்பட்டுத்தான் ரஷீதா தேடி வந்தாள். ரஷீதா அம்பாங்கானில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர் மகள். ஒரு பல்கலைக்கழகத்தின் திரைப்படக் காப்பகத்தில் வேலை. அபூர்வமான பழைய படச்சுருள்களைச் சுத்தம் செய்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, அவற்றை எடுத்த ஊருக்கே கொண்டுபோய்ப் போட்டுக் காட்டுவது அவர்கள் வழக்கம். எழுபதுகளில் இந்தத் தோட்டத்துக்குப் பெரிய துரையாக இருந்த வெள்ளைக்காரர் ஒரு சின்ன கேமராவும் கையுமாகத் திரிந்தவர். அவர் எடுத்த பதினான்கு சுருள்களை அவருடைய பேரன் காப்பகத்துக்கு அனுப்பியிருந்தான். சத்தம் இல்லாத ஊமைப் படங்கள். ஆட்கள் நிறைய வருகிறார்கள், ஒருவர் பெயரும் காப்பகத்தாருக்குத் தெரியாது. துரையின் நாய்ப் பெயர் மட்டும் டப்பாவின் மேல் எழுதியிருந்தது.

"மனுசங்க பேரு தெரியல, நாய் பேரு தெரியுதா? நல்லா இருக்கு லா உங்க யூனிவர்சிட்டி," என்றாள் பஞ்சாலை.

"அதுக்குத்தான்மா உங்கள்ட்ட வந்தேன்," என்று ரஷீதா சிரித்தாள்.

நாலு சனிக்கிழமை லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்து பஞ்சாலை பெயர் சொன்னாள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நிற்பவர்கள், பால் நிறுக்க வரிசையில் நிற்பவர்கள், தீமிதியில் பூக்குழிக்குப் பக்கத்தில் நிற்பவர்கள். ஒருவரையும் விடவில்லை. படிப்பே இல்லாத தன்னை ஒரு பல்கலைக்கழகம் தேடி வந்து கேட்கிறது என்பதில் அவளுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. பால் லோரியின் மேல் நின்ற இளைஞரைக் காட்டி ரஷீதா கேட்டபோது மட்டும், "எங்க வூட்டுக்காரரு" என்று சொல்லி நிறுத்திக்கொண்டாள். ரோகினி சமையலறையிலிருந்து குரல் கொடுத்துப் பெயரைச் சொன்னாள்.

இன்னொரு இடத்திலும் அவள் பெயர் சொல்லவில்லை. ஆறாவது சுருளில் ஒருவன் மஞ்சள் டிராக்டரில் உட்கார்ந்து சிரிக்கிறான்.

"இது யாரும்மா?"

"அவன் பேரு வேணாம். எழுதாத."

ரஷீதா வற்புறுத்தவில்லை. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டாள்.

அவன் முனியாண்டி. பஞ்சாலையின் அண்ணன் வீட்டை இடித்தவன் என்று தோட்டமே சொன்ன ஆள்.

1979-இல் லயத்துக் குழாயில் இரண்டு வாரம் தண்ணீர் வரவில்லை. அண்ணன் ராமகிருஷ்ணன் ஆட்களைத் திரட்டி மூன்று நாள் யாரையும் வெட்டுக்குப் போகவிடாமல் நிறுத்தினான். நாலாம் நாள் தண்ணீர் வந்தது. ஐந்தாம் நாள் அவனுக்கு வேலை போனது. லேபர் ஆபீஸ் சொல்லாமல் வீட்டைக் காலி செய்ய மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான். ஒரு வியாழக்கிழமை அவன் தன் மனைவி பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சிரம்பானுக்கு லேபர் ஆபீஸ் போயிருந்தபோது, மற்ற எல்லாரும் பால் வெட்டிக்கொண்டிருந்த காலை நேரத்தில், தோட்டத்து டிராக்டர் வந்து வீட்டைத் தள்ளிவிட்டது. சட்டி பானை, துணிமணி, இறந்துபோன அம்மாவின் ஒரே போட்டோ எல்லாம் பலகைக்கு அடியில் போனது.

டிராக்டர் ஓட்டுகிற வேலை முனியாண்டி ஒருவனுக்குத்தான். துரை விடியற்காலையிலேயே சாவியை வாங்கிக்கொண்டு தன்னை உரம் ஏற்ற நீலாய்க்கு அனுப்பிவிட்டார் என்று அவன் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தான். ஒருவரும் நம்பவில்லை. பஞ்சாலை அவன் வீட்டு வாசலில் மண்ணை வாரித் தூற்றி, அவன் வம்சமே விளங்காது என்று சபித்துவிட்டு வந்தாள். அவள் கை கழுவச் செம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றியவர் அவள் கணவர். வீடு இடிந்த அன்று அவர் தோட்டத்திலேயே இல்லை. போர்ட்டிக்சனில் அக்காவுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்று இருட்டோடு கிளம்பிப் போய், சாயங்காலம் ஒரு பொட்டலம் கருவாட்டோடு திரும்பியிருந்தார். "நான் இருந்திருந்தா விட்டுருப்பனா?" என்று அவளோடு சேர்ந்து அவரும் அழுதார்.

லயமே முனியாண்டியைத் தலைமுழுகியது. நல்லதுக்குக் கூப்பிடவில்லை, கெட்டதுக்குச் சொல்லவில்லை. இரண்டு மாதத்தில் அவன் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு நீலாய்ப் பக்கம் ஒரு செங்கல் சூளைக்கு வேலைக்குப் போய்விட்டான். ராமகிருஷ்ணன் ஜொகூருக்குப் போனான். அந்த வருடக் கடைசியில், பால் லோரியில் கிளீனராக இருந்த பஞ்சாலையின் கணவர் மண்டோர் ஆனார். ஆட்களை மேய்க்கிற வேலை, ஆபீசுக்குப் பக்கத்தில் இரண்டு அறை வீடு. அண்ணனைக் கைவிட்ட சாமி தன்னையாவது பார்த்ததே என்று பஞ்சாலை கோயிலில் பொங்கல் வைத்தாள்.

அண்ணன் அந்த வீட்டு வாசலை மிதிக்கவே இல்லை. எப்போதாவது வந்தாலும் கோயிலடியில் நின்று ஆள் அனுப்பித் தங்கையை வரச்சொல்லிப் பார்த்துவிட்டுப் போவான். தோட்டத்தின் மேல் கோபம் என்று அவள் நினைத்தாள். இருபது வருடத்துக்கு முன் அவன் இறந்தபோது, பாடையைத் தூக்க வந்த அவள் கணவரை அண்ணி கைநீட்டித் தடுத்துவிட்டாள். அத்தனை பேர் மத்தியில் தன் புருஷனை அவமானப்படுத்திவிட்டாளே என்று பஞ்சாலை அண்ணியோடு பேச்சையே நிறுத்தினாள்.

படங்களை ஊரார் எல்லாருக்கும் போட்டுக் காட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை லாபு டேவான் என்கிற பொது மண்டபத்தை எடுத்திருந்தார்கள். கணவர் கால் வலி என்று சொல்லிப் பார்த்தார். பிறகு, "என்னென்ன படம் காட்டுறாங்க?" என்று கேட்டார். இரண்டு நாளில் மூன்று தடவை கேட்டார்.

"பதிமூணு படம் நான் பாத்துட்டேன். நாயி, பூவு, நீங்க, நானு. ஒண்ணு மட்டும் ஒட்டிக்கிட்டு வரலையாம்," என்றாள் பஞ்சாலை. அதைக் கேட்டதும் அவர் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போடச் சொன்னார்.

டேவான் நிறைந்திருந்தது. அங்கே கொடுத்த மீ கோரேங் நூடுல்சுக்காக வந்தவர்களும் உண்டு, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. பஞ்சாலைக்கு முன்வரிசையில் நாற்காலி, பக்கத்திலேயே மைக். அந்தப் பக்கம் கணவர். படம் ஓட ஓட ரஷீதா கேட்பாள், இவள் எழுந்து பெயர் சொல்வாள், அந்தப் பெயருக்கு உரியவரின் பிள்ளையோ பேத்தியோ கூட்டத்தில் கை தட்டும். செத்துப்போன அப்பா நடந்து வருவதைப் பார்த்து இரண்டு பேர் விசும்பினார்கள். இடையில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தபோது பஞ்சாலை கடைசி வரிசையில் முனியாண்டியைக் கண்டாள். கிழமாகிப் போயிருந்தான், மகள் பக்கத்தில் இருந்தாள். எந்த முகத்தோடு வந்திருக்கிறான் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பதிமூன்றும் முடிந்ததும் ரஷீதா மைக்கைப் பிடித்தாள். "இன்னும் ஒண்ணு இருக்கு. கெட்டுப்போயி காடி நாத்தம் அடிச்சு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. முந்தாநேத்துதான் பிரிக்க முடிஞ்சிச்சு. நானே இன்னும் முழுசா பாக்கல. உங்ககூடவே பாக்குறேன்."

கணவர் எழுந்திருக்கப் பார்த்தார். "டாய்லெட்டு போவணும்," என்றார். "இருங்க, முடியப்போவுது," என்று பஞ்சாலை அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

துரையம்மாவின் ரோஜாச் செடிகள் வந்தன. நாய் வந்தது. பிறகு லயம் வந்தது, அதில் ஒரு நீலக் கதவு. கோயிலுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்டை எடுத்து அவளும் அண்ணியும் சேர்ந்து அடித்த கதவு. அண்ணன் வீட்டுக் கதவு. மஞ்சள் டிராக்டர் ஓரத்திலிருந்து வந்து கதவை முட்டியது, பின்வாங்கியது, மறுபடி முட்டியது. கூரை சாய்ந்தது. சத்தமே இல்லை. தூசி அடங்கியதும் துரை கூப்பிட்டிருப்பார் போல, ஓட்டியவர் திரும்பினார். தலைத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, கேமராவைப் பார்த்துச் சிரித்து, ஒரு சலாம் வைத்தார்.

முகம் தெளிவாகத் தெரிந்தது. அப்போது அவருக்கு முப்பது வயது. அந்தச் சிரிப்போடு ஐம்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தவளுக்கு அது யார் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

முதலில் அவளுக்குக் கருவாடுதான் ஞாபகம் வந்தது. அழுதழுது வீங்கிய முகத்தோடு அன்று சாயங்காலம் அதை வறுத்தாள். அவர் இரண்டு வாய் சோறு அதிகமாகவே சாப்பிட்டார். அப்புறம் செம்புத் தண்ணீர். அப்புறம் ஆபீஸ் பக்கத்து வீடு, அந்த வீட்டில் பிறந்த ரோகினி, தான் நன்றி சொல்லி வைத்த பொங்கல். அண்ணனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும், தங்கச்சி வாழ்க்கை போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டு கோயிலடியிலேயே நின்றுவிட்டுப் போயிருக்கிறான். அண்ணிக்கும் தெரிந்திருக்கிறது. தான் ஒருத்திதான் ஏமாளி. அண்ணன் வீட்டை இடித்த கூலியில் இத்தனை வருடம் குடியிருந்திருக்கிறாள்.

ரஷீதா படத்தை அந்த முகத்திலேயே நிறுத்தினாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது, பாவம். "ம்மா, டிராக்டர்ல இருக்குறது யாருன்னு தெரியுதா?"

டேவானில் சிறிசுகள் யாருக்கும் புரியவில்லை. புரிந்த நாலைந்து பெரிசுகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கணவர் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார். "கண்ணு சரியா தெரியலன்னு சொல்லு, பஞ்சாலை. போவட்டும். நம்ம புள்ளைக்கி அசிங்கம்."

அவர் அழவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை. அன்று செம்பில் தண்ணீர் ஊற்றியபோது இருந்த அதே குரல். ஒரு சொல் அவர் வேறுமாதிரி சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ. பஞ்சாலை முந்தானையை அவர் கையிலிருந்து உருவிக்கொண்டு மைக்குக்கு முன்னால் போய் நின்றாள்.

"எங்க..." என்று தொடங்கினாள். பழக்கம் அப்படி இழுத்தது. நிறுத்திக்கொண்டாள்.

"திருநாவுக்கரசு," என்றாள்.

ரோகினி நாற்காலியிலிருந்து பாதி எழுந்து நின்றாள். அம்மா வாயிலிருந்து அந்தப் பெயரை அவள் கேட்பது அதுதான் முதல் தடவை. மைக்கில் போன பெயர் டேவானின் தகரக் கூரை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. கணவர் குனிந்துகொண்டார்.

"எழுதிட்டியாம்மா?" என்று பஞ்சாலை கேட்டாள்.

"எழுதிட்டேன்," என்றாள் ரஷீதா. அவள் குரல் இறங்கியிருந்தது. ஏதோ நடந்துவிட்டது என்பது அவளுக்கும் தெரிந்துவிட்டது.

"அந்த ஆறாவது படத்துல ஒரு ஆளு பேர எழுதாதன்னு சொன்னேன்ல. அவரு முனியாண்டி அண்ணன். தோட்டத்து டிராக்டர் டிரைவர். அவரு எந்த வூட்டையும் இடிக்கல. அதையும் சேத்து எழுதிக்க."

எல்லாரும் பின்னால் திரும்பினார்கள். முனியாண்டி மகள் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து நின்றார்.

"அண்ணே," என்றாள் பஞ்சாலை. "அது நீங்க இல்லண்ணே."

"அது நான் இல்லன்னு எனக்குத் தெரியும், தாயி," என்றார் முனியாண்டி.

அவர் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அவளைக் குத்தியது. அவள் தன் இடத்துக்குத் திரும்பவில்லை. நடு வழியில் நடந்து கடைசி வரிசைக்குப் போனாள். முனியாண்டியின் மகள் பக்கத்து நாற்காலியில் வைத்திருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பஞ்சாலை அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். முன்வரிசையில் கணவர் தனியாக இருந்தார், அவருக்கு எதிரே திரையில் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுகொண்டிருந்தது.