சுற்றுச்சூழலில் அரியர் வைத்த ஆன்சி

கல்லூரியில் கணிதத்தில் தோற்கலாம், இயற்பியலில் தோற்கலாம். ஆங்கிலத்தில் தோற்காதவர்களை எண்ணிவிடலாம். ஆனால் ஒருத்தி சுற்றுச்சூழல் கல்வியில் தோற்றாள் என்றால் கேட்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள். அப்புறம், அன்றைக்கு அவளுக்கு உடம்புக்கு ஏதும் முடியவில்லையா என்று விசாரிப்பார்கள். பசுமலைப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் படித்த ஆன்சிக்கு இதுதான் நடந்தது.

இளங்கலைப் பட்டத்துக்கு முதல் பகுதி தமிழ், இரண்டாம் பகுதி ஆங்கிலம், மூன்றாம் பகுதி அவரவர் சொந்தப் பாடம். இந்த மூன்றும் போதாதென்று நான்காவதாக ஒரு பகுதி இருக்கிறது. சுற்றுச்சூழல், நன்னெறி, வேறு துறைப் பாடம் ஒன்று என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவானவை அதில் வரும். பிள்ளைகள் அவற்றைச் ‘சும்மா பேப்பர்’ என்பார்கள். ஊறுகாய் வைக்கவில்லை என்று எந்தக் கல்யாண வீட்டிலும் பந்தியை நிறுத்துவதில்லை. பல்கலைக்கழகம் நிறுத்திவிடும். சும்மா பேப்பர் தேறாவிட்டால் பட்டம் கிடையாது.

ஆன்சியின் அம்மா ஆனிமேரி மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. மகள் சுற்றுச்சூழலில் அரியர் வைத்திருக்கிறாள் என்று சர்ச்சில் சொல்ல அவருக்கு நாக்கு வரவில்லை. “ரியல் அனாலிசிஸ்ல ஒண்ணு நிக்கிது” என்று சொல்லிவைத்தார். கேட்டவர்கள் “அது கஷ்டமான பேப்பராச்சே” என்று பரிதாபப்பட்டார்கள். ஆன்சிக்கு அதுதான் பொறுக்கவில்லை. அந்தப் பேப்பரில் வகுப்பிலேயே அவள்தான் முதல் மார்க்.

அவள் ஏன் தோற்றாள் என்று தெரிய வேண்டுமானால், முதலில் அவளைத் தெரிந்துகொள்ள வேண்டும். கேள்வி கேட்பதில் அவளுக்கு நேரம் காலம் கிடையாது. ஞாயிறு பள்ளியில் நோவாவின் வெள்ளத்தைப் பற்றிச் சொன்னபோது, அம்புட்டுத் தண்ணியும் வடிந்து எங்கே போனது என்று எழுந்து நின்று கேட்டவள். டீச்சர் ஒரு மிட்டாயைக் கொடுத்து உட்காரவைத்தார். மிட்டாயைத் தின்றுவிட்டு மறுபடியும் எழுந்தாள்.

கல்லூரியில் சுற்றுச்சூழல் பாடத்தை எடுத்தவர் நூருல் அமீன். அவர் வரலாற்றுத் துறைக்காரர். வாரத்தில் இரண்டு மணி நேரம் பாடவேளை குறைந்ததால் இந்தப் பாடம் அவர் தலையில் வந்து விழுந்தது. நல்ல மனிதர், யாரையும் கடிந்து பேசமாட்டார். பக்கத்தில் உள்ள நீர்நிலை ஒன்றை நேரில் பார்த்து, களப்பணி அறிக்கை எழுதித் தர வேண்டும், தராதவர்களுக்குத் தேர்ச்சி இல்லை என்று முதல் வகுப்பிலேயே சொன்னார். எந்தக் காலத்திலோ ஒரு புண்ணியவான் ‘இலுப்பையேந்தல் கண்மாய்: ஒரு கள ஆய்வு’ என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தான். வருஷா வருஷம் அதுதான் வாட்ஸ்அப்பில் கைமாறும். பெயரையும் பதிவெண்ணையும் மாற்ற வேண்டியது, பிரிண்ட் எடுக்க வேண்டியது, கொடுக்க வேண்டியது. நூருல் அமீனும் திறந்து பார்க்காமல் மார்க் போட்டுவிடுவார்.

ஆன்சியின் தோழி ஆயிஷா சித்திகா அதைத்தான் கொடுத்தாள். ஆன்சியும் அதைத்தான் கொடுத்திருப்பாள். கெட்ட நேரம், கொடுக்கும் முன் வாசித்துவிட்டாள். ‘இக்கண்மாய் திருநகரிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ளது’ என்று அதில் இருந்தது. திருநகரைத் தாண்டி ஓரேப் நகர் என்ற குடியிருப்பில்தான் ஆன்சியின் வீடு. சிறு வயதிலிருந்து அங்கேயே இருக்கிறாள். நடந்து போகும் தூரத்தில் அப்படி ஒரு கண்மாயை அவள் பார்த்ததே இல்லை.

அதற்கப்புறம் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆட்டோக்காரர்களைக் கேட்டாள். டீக்கடையில் கேட்டாள். ஒருவர் கிழக்கே கை காட்டினார், ஒருவர் மேற்கே. கப்பலூருக்கு லோடு ஏற்றிப் போகும் ஒருவர் மட்டும், “அது இங்கிட்டுத்தான் எங்கயோ கெடக்கு” என்றார். இங்கிட்டு என்றால் எங்கிட்டு என்று கேட்பதற்குள் வண்டியை எடுத்துவிட்டார்.

ஒரு மழை நாளில் மாடியில் நின்று பார்த்தபோது ஒன்று அவள் கண்ணில் பட்டது. நாலு தெருத் தண்ணீரும் தங்கள் தெருவுக்குத்தான் வந்து சேர்கிறது. ஓரேப் என்றால் வேதாகமத்தில் வருகிற மலை. மலையின் பெயரை வைத்துக்கொண்டு ஊர்த் தண்ணீர் எல்லாம் ஏன் இங்கே இறங்குகிறது என்ற கேள்வி அவளைப் பிடித்துக்கொண்டது. பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்த கொத்தனாரிடம் மட்டம் பார்க்கும் ட்யூபை இரவல் வாங்கினாள். கண்ணாடி மாதிரி இருக்கும் நீளமான ட்யூப் அது. தண்ணீரை ஊற்றி இரண்டு முனையையும் தூக்கிப் பிடித்தால், எந்த இடம் மேடு, எந்த இடம் பள்ளம் என்று சொல்லிவிடும். இன்னொரு முனையைப் பிடிக்க ஆயிஷா பஸ் பிடித்து வந்தாள்.

“நான் அறிக்கையக் குடுத்து ஒரு மாசமாச்சுடி. எனக்கு எதுக்கு இந்த வேல?” என்றாள் ஆயிஷா.

“உனக்குத் தெரிஞ்சுக்கணும்னு இல்லையா?”

“இருக்கு. அதான் வந்து தொலைச்சேன். பிடி.”

இரண்டு பெண்கள் தெருத்தெருவாக ட்யூபைப் பிடித்து அளப்பதைப் பார்த்து, பாதாளச் சாக்கடை வரப்போகிறது என்று ஓரேப் நகர் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. ஒரு அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்து, தங்கள் வீட்டுக்கு முதல் இணைப்பு வேண்டும் என்று சொல்லிவைத்தார்.

மூன்று சனிக்கிழமை அளந்ததில் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. வடக்கு, தெற்கு, மேற்கு மூன்று பக்கமும் தரை உள்பக்கமாகவே சரிந்து வருகிறது. கிழக்கே பஸ் போகும் ரோடு மட்டும் வளைந்து உயர்ந்து நிற்கிறது. அந்த வளைவில் ஒரு வெல்டிங் பட்டறை தன் விளம்பரத் துணியை இரண்டு பழைய கல்தூண்களில் இழுத்துக் கட்டியிருந்தது. ஆன்சி துணியை விலக்கிப் பார்த்தாள். கண்மாயிலிருந்து தண்ணீர் திறந்துவிடும் மடைத்தூண்கள் அவை. அப்படியென்றால் பஸ் போவது கண்மாய்க் கரைமேல். இலுப்பையேந்தல் எங்கேயும் காணாமல் போகவில்லை. எல்லாரும் அதற்குள்தான் குடியிருக்கிறார்கள். அளந்ததில் மிகத் தாழ்வான இடம், ஆன்சி வீட்டு அடுப்படிக்குப் பின்னால் துணி துவைக்கும் கல் கிடக்கும் இடம்.

ஆயிஷா வாயில் கையை வைத்துக்கொண்டாள். ஆன்சிக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. கணக்குக்கு விடை கிடைத்தால் வருகிற சந்தோஷம் அது. அந்த விடையில் தன் வீடும் இருப்பது அந்த நேரத்தில் அவளுக்கு உறைக்கவே இல்லை. ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னாள்.

அப்பா யேசுதாஸ் பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க். தப்பைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது. கல்யாணப் பத்திரிகை வந்தாலும் பேனாவை எடுத்துத் திருத்திவிட்டுத்தான் தேதியைப் பார்ப்பார். வங்கிக் கடன் வாங்கி அந்த வீட்டைக் கட்டியவர், கடன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஆன்சி மூச்சு வாங்கச் சொல்லி முடித்ததும் அவர் சட்டைக்கு இஸ்திரி போடுவதை நிறுத்தினார்.

“இதயெல்லாம் எழுதக் கூடாதும்மா” என்றார். “கண்மாய்க்குள்ள கட்டுனதுன்னு எங்கெங்கயோ இடிக்கிறாங்க. பேப்பர்ல தெனம் வருது. நாமளே எழுதிக் குடுக்கவா? இந்தத் தெருவுல அம்புட்டுப் பேரும் நம்ம சர்ச்காரங்க.”

“சார் படிக்கவே மாட்டாருப்பா.”

“படிக்காத ஆளுக்கு எதுக்கு எழுதுற? எல்லாரும் குடுக்கிறதக் குடு.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் எங்கே கரை, எங்கே மடை என்று அவர் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லையே என்பதுதான் அவளை உறுத்தியது. இப்படி ஒரு சேதியைக் கேட்டு ஆச்சரியப்படாமல் ஒரு மனிதரால் எப்படி இருக்க முடியும்?

அப்பாவுக்காக உண்மையை எழுதவில்லை. தனக்காகப் பொய்யையும் எழுதவில்லை. அறிக்கையே கொடுக்காமல் விட்டுவிட்டாள். பரீட்சையை நன்றாக எழுதியும் தேர்ச்சி இல்லை என்று வந்தது. படிப்பு முடியும்வரை ஒவ்வொரு பருவத்திலும் அம்மா கெஞ்சினார், திட்டினார், ஜெபக் கூட்டத்தில் விண்ணப்பமும் வைத்தார். ஆன்சி அசைந்து கொடுக்கவில்லை. அது வைராக்கியமா வறட்டுப் பிடிவாதமா என்று கேட்டால், இரண்டும்தான்.

மூன்றாம் ஆண்டு முடிந்தது. அவள் ஆசைப்பட்ட எம்.எஸ்சி. புள்ளியியலில் இடம் கிடைத்தது. ஆகஸ்டுக்குள் எல்லாப் பாடமும் தேறிய சான்றைக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அவள் கல்லூரிக்குப் போய் நூருல் அமீனைப் பார்த்தாள்.

“திங்கக்கிழமைக்குள்ள எதையாச்சும் குடும்மா. நான் மார்க் போட்டுர்றேன்” என்றார் அவர். “இதுக்காகப் போயி ஒரு சீட்ட விடுவாங்களா? யாரு படிக்கப் போறா?”

“நீங்க படிக்க மாட்டீங்களா சார்?”

அவர் மேசைமேல் இருந்த கண்ணாடியை எடுத்துத் துடைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு ஆன்சி லேப்டாப்பைத் திறந்தாள். ஆயிஷா அனுப்பியிருந்த பழைய அறிக்கையை எடுத்து, அவள் பெயரை அழித்துத் தன் பெயரைப் போட்டாள். அழுகை வந்தது. இம்புட்டு நாள் பிடித்த பிடிவாதம் எதற்கு என்று தன்மேலேயே கோபமும் வந்தது. தண்ணீர் குடிக்க வந்த யேசுதாஸ் அவள் பின்னால் நின்று திரையைப் பார்த்தார். பிழை இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் அவரை வாசிக்க வைத்தது.

“‘நான் நேரில் சென்று கண்டறிந்தவை’ன்னு போட்டுருக்கு” என்றார்.

“எல்லாரும் அப்படித்தான்ப்பா போட்டுருக்காங்க.”

அவர் அடுத்த வரிக்குப் போனார். “நாரை, நீர்க்காகம், பூநாரை… பூநாரையா? இங்க ஏது பூநாரை? நாமக்கோழிதான் கெடந்துச்சு.”

ஆன்சி திரும்பினாள். “கெடந்துச்சா? எப்பப்பா?”

யேசுதாஸ் தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தார். அந்த முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துபோயிற்று.

“பிளாட் பாக்க வந்தன்னிக்கு” என்றார். “தை மாசம். முழங்கால் தண்ணி. பேண்ட மடிச்சு விட்டுட்டுத்தான் எறங்குனேன். மழைத் தண்ணி சார், பங்குனிக்குள்ள காஞ்சுரும்னு புரோக்கர் சொன்னான். காஞ்சுச்சு. சித்திரையில பதிவு பண்ணிட்டேன். என் சம்பளத்துக்கு வேற எங்கயும் எடம் வாங்க முடியாதும்மா. தெரிஞ்சுதான் வாங்குனேன்.”

ஆன்சிக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. தான் ட்யூபைப் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தபோது விடையை வைத்துக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்திருந்தாரே மனுஷன் என்று நினைத்தாள். பேசவே கூடாது என்றுதான் இருந்தாள். அவளால் முடியவில்லை.

“எங்க நின்னீங்க? தண்ணி எது வரைக்கும் இருந்துச்சு? மடை தொறந்திருந்துச்சா?”

அவர் அவளைப் பின்பக்கம் கூட்டிப்போனார். துவைக்கிற கல்லருகே நின்று முட்டியில் கையை வைத்துக் காட்டினார். மடைக்குப் பக்கத்தில் ஒருவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்ததாகச் சொன்னார். அவள் கேட்கக் கேட்க அவருக்கு இன்னும் இன்னும் ஞாபகம் வந்தது. இத்தனை வருஷமாக யாரும் கேட்கவில்லை என்பதற்காகவே சொல்லாமல் இருந்தவர் போலச் சொன்னார். ஆனிமேரி அடுப்படி ஜன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

உள்ளே வந்து யேசுதாஸ் நாற்காலியை மகள் பக்கத்தில் இழுத்துப் போட்டார். “பழச அழி” என்றார். “வீட்ட வாங்குனது நான். நீ எதுக்குப் பொய் எழுதணும்?”

சாயங்காலத்துக்குள் எழுதி முடித்தாள். அந்த அறிக்கையை நூருல் அமீன் கடைசிப் பக்கம் வரை வாசித்ததும், இருபதுக்குப் பதினெட்டு மார்க் போட்டதும், ஆன்சி எம்.எஸ்சி. சேர்ந்ததும் அப்புறம் நடந்தவை. அன்றைக்குக் கடைசியாக, தகவல் தந்தவர் என்று ஒரு கட்டம் மட்டும் நிரப்பாமல் இருந்தது. ஆன்சி தட்டச்சை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

“ஊர்ப் பெரியவர் ஒருவர்னு போட்டுக்கிறேன்ப்பா. பேரு வேணாம்.”

“நான் என்ன ஊர்ப் பெரியவரா? அம்பத்தாறுதான் ஆகுது. பேரப் போடு.”

“நாளைக்கு யாராச்சும் வந்து கேட்டா?”

“கேக்கட்டும். என்னத் தேடித்தான வரணும்?” என்றார் யேசுதாஸ். அவள் பெயரை அடித்து முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “வீட்டு நம்பரையும் போடு” என்றார்.