பைஃபோ என்றால் ஆட்டுக்குட்டி

நேற்று மனைவி பிட்டுக்கு மா வறுத்தாள். எங்கள் நோர்பரி வீட்டில் மா வறுப்பதென்றால் முதலில் ஒருவர் கதிரையில் ஏறிப் புகை அலாரத்தைத் துவாயால் மூட வேண்டும். அந்த உத்தியோகம் என்னுடையது. கதிரையில் நின்றபோது மூக்கில் ஏறிய வாசத்துக்கு அம்மாவின் ஞாபகம் வந்திருக்க வேண்டும். வந்தது யாய்சாவின் ஞாபகம்.

லண்டனில் எனக்கு முதலில் கிடைத்தது தொலைபேசியில் மொழிபெயர்க்கும் வேலை. ஆஸ்பத்திரியிலோ கவுன்சிலிலோ ஆங்கிலம் தெரியாதவர் வந்து நின்றால் எங்கள் கந்தோருக்கு அழைப்பு வரும். எனக்குத் தமிழ். பக்கத்துக் கதிரையில் யாய்சாவுக்கு ஸ்பானிய மொழி. கனாரித் தீவுக்காரி. மதியத்தில் வறுத்த மாவைப் பாலில் குழைத்துச் சாப்பிடுவாள். முதல்நாள் அதைக் கண்டு, "இது எங்கட சாப்பாடெல்லோ!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன்.

"கோஃபியோ," என்றாள் அவள்.

அது ஸ்பானியச் சொல் இல்லையாம். ஸ்பானியர் கப்பலில் வந்து இறங்குமுன் அந்தத் தீவுகளில் வாழ்ந்த ஆதிக்குடிகளின் சொல்லாம். அவர்களுடைய மொழி செத்துப்போய்விட்டது. சில சொற்கள் மட்டும் அடுப்படியிலும் ஆட்டுப்பட்டியிலும் ஒளிந்து தப்பியிருக்கின்றன. யாய்சா அவற்றை வைத்து ஸ்பானிய மொழியில் கதை எழுதினாள். ஒரு கதையை எனக்கு ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறாள். மலையில் தொலைந்த குட்டியை ஆடு மேய்க்கும் தாய் ஒருத்தி இரவு முழுக்க "பைஃபோ, பைஃபோ" என்று கூப்பிட்டுத் திரிகிற கதை. பைஃபோ என்றால் தீவில் ஆட்டுக்குட்டி.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் நூலக மண்டபம் ஒன்றில் அவள் வாசித்தாள். ஸ்பானிய மொழி தெரியாத நான் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, எல்லாம் விளங்கியவன்போல் தலையாட்டிக்கொண்டிருந்தேன். பாதியில் மாட்ரிட்காரர் ஒருவர் கையை உயர்த்தி ஏதோ சொன்னார். சபை சிரித்தது. யாய்சாவின் கழுத்து சிவந்தது. மறுபடி வாசிக்கத் தொடங்கினாள். குரல் தடுக்கியது. பைஃபோ அதற்குப் பிறகு வரவேயில்லை.

திரும்பும் ரயிலில், "சரியான ஸ்பானியத்தில் வாசிக்கச் சொன்னார்," என்றாள். "மாற்றி வாசித்தேன். ஆட்டுக்குட்டிக்கு அவர்களுடைய சொல் உணவகப் பட்டியலில் இருப்பது. எங்கள் குட்டி துள்ளும். அவர்களுடையது தட்டில் கிடக்கும்."

நான் ஆறுதல் சொல்ல வாய் திறந்தேன்.

அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "சில அழைப்புகளில் உன் குரலும் மாறுகிறதே. 'ஓம்' என்று ஒரு சொல் சொல்வாய். திடீரென்று அது காணாமல் போய்விடும். ஏன்?"

அவளுக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. எனக்குக் காது சுட்டது. மறுமுனையில் இந்தியத் தமிழர் என்றால் என் யாழ்ப்பாணத் தமிழைக் கேட்டு, நான் பேசி முடிக்குமுன்பே, "சார், நீங்க மலையாளமா?" என்று கேட்பார்கள். இரண்டாவது முறை யாரும் கேட்காதபடி எங்கள் 'ஓம்', 'வாறன்' ஆகியவற்றுக்குப் பதிலாக 'ஆமா', 'வர்றேன்' எல்லாம் பழகியிருந்தேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்தேன்.

மாட்ரிட் பதிப்பகம் ஒன்று தீவுச் சொற்களை எடுத்துவிட்டால் புத்தகம் போடுவதாகச் சொன்னது. யாய்சா மாட்டேன் என்றாள். ஊருக்குத் திரும்பி, சிறிய அச்சகமொன்றில் தானே போட்டு எனக்கும் ஒரு பிரதி அனுப்பினாள். ஒரு வரியும் வாசிக்கத் தெரியாமல் விரலை ஓட்டித் தேடினேன். பைஃபோ பக்கத்துக்குப் பக்கம் நின்றது. அடிக்குறிப்புக்கூட இல்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். புத்தகத்தை மூடிக் கண்ணில் படாத உயரத்தில் வைத்துவிட்டேன்.

அந்தக் கந்தோர் இப்போது இல்லை. அந்த வேலையை மெஷின் செய்கிறதாம். எந்த ஊர்த் தமிழில் பேசுகிறதோ தெரியாது.

போன கிழமை யாழ்ப்பாணத்துக்கு அண்ணையின் வீட்டுக்கு ஃபோன் எடுத்தேன். அவருடைய பேத்தி எடுத்தாள். பின்னால் டிவியில் சென்னை நாடகம் ஒன்று அழுதுகொண்டிருந்தது.

"பிள்ளை, தாத்தா நிக்கிறாரோ?" என்று கேட்டேன்.

"ஆமா," என்றாள். "நீங்க யாரு பேசுறீங்க?"