பத்திரை முடியும்வரை

கணவர் காலமான பிறகு, மண்டி மொஹல்லாவில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்குப் பிடித்தேன். மேல்கோட்டையில் இருக்கும் அண்ணாவுக்கு விலாசத்தையும் குடிபோகும் நாளையும் மட்டும் மெசேஜில் அனுப்பினேன். எங்களுக்குள் பேச்சு நின்று இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பதில் வரவில்லை.

குடிபோகும் நாள் காலையில், சாமான் வண்டிக்குப் பின்னால் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தபோது அண்ணாவின் போன் வந்தது.

"பதினொண்ணே முக்கால் வரைக்கும் பத்திரை இருக்கு. அதுக்கு முன்னாடி உள்ள போகாதே."

"சரிண்ணா. நீ வரலையா?"

"கோயில்ல இன்னிக்குப் பூஜை என் முறை," என்று வைத்துவிட்டார்.

ஒரு திதியின் பாதி ஒரு கரணம். கரணங்களில் ஒன்று பத்திரை. அந்த நேரத்தில் நல்ல காரியம் எதையும் எங்கள் வீட்டில் தொடங்க மாட்டார்கள். வேறு மதத்தவரை நான் ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்ட அன்று, அண்ணா கடைசியாகச் சொன்னதும் அதுதான். "பத்திரையில கையெழுத்துப் போட்டிருக்கே." என் கணவரிடம் சொன்னேன். "ஆபீஸ் திறந்திருக்கும்போதுதானே போட முடியும்," என்று சிரித்தார்.

வீட்டு வாசலை அடைந்தபோது ஒன்பதரை. சாமான் இறக்க வந்தவர்கள் கொள்ளேகால் பக்கத்துக்காரர்கள்.

"உள்ள வச்சிரலாமுங்களா, அக்கா?"

"பன்னெண்டு மணிக்கு வைக்கலாமா?"

"அத்தன நேரம் நிக்க முடியாதுங்க. இன்னொரு லோடு இருக்குது."

எல்லாவற்றையும் சந்தில் சுவரோரமாக இறக்கிவிட்டுப் போனார்கள். சாவி என் கையில் இருந்தது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனாலும் பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டு, பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகு எனக்காக ஒருவர் பஞ்சாங்கத்தைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். அதை மீற மனசு வரவில்லை.

ஸ்கூட்டர்கள் என் முழங்காலை உரசாத குறையாகப் போயின. யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று எதிர்வீட்டு அம்மாள் கன்னடத்தில் கேட்டார். யாரும் வரப்போவதில்லை என்று சொல்லாமல், நல்ல நேரத்துக்காக என்றேன். தலையை ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

பதினொன்றே முக்காலுக்குக் கதவைத் திறந்தேன். அடுப்பை மட்டும் முதலில் தூக்கிப்போய் வைத்துப் பாலைக் காய்ச்சினேன். பொங்கியதும் சர்க்கரை போட்டேன். குடிக்க என்னைத் தவிர ஆள் இல்லை. ஒரு டம்ளரோடு நிறுத்திக்கொண்டு அண்ணாவைக் கூப்பிட்டேன்.

"பால் காய்ச்சிட்டேன்ணா."

"ம்." போனில் அவருக்குப் பின்னால் யாரோ பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. "சாப்பிட்டியா?"

"இல்லை."

"ஏதாவது வாங்கிச் சாப்பிடு. பட்டினி கிடக்காதே."

அதோடு முடிந்தது. பீரோவைப் பக்கத்துக் கடையில் ஆள் கேட்டு உள்ளே நகர்த்தினேன். மற்றதை ஒவ்வொன்றாக நானே எடுத்துவைத்தேன். இருட்டிவிட்டது.

அண்ணா இன்னும் இங்கே வரவில்லை. பஸ்ஸில் வந்துவிடக்கூடிய தூரம்தான். பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை போன் செய்து, நாளைக்கு எந்த நேரம் நல்லது என்று சொல்கிறார். என்ன செய்யப்போகிறாய் என்று கேட்பதில்லை. பெரும்பாலும் செய்வதற்கு ஒன்றும் இருப்பதில்லை. குறித்துக்கொள்கிறேன் என்று சொல்லிக் குறித்தும் வைக்கிறேன்.